பார்க்க வேண்டிய இடங்கள்

"அலையே இல்லையே" என்றான் ஆன்றோ.

தூத்துக்குடி முயல் தீவுக் கரையில் வந்து நிற்கிற மாப்பிள்ளைகள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். விஜிலாவுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது.

தீவு என்று பெயர்தானே தவிர, ரோடு போட்டுவிட்டதால் காரிலேயே வந்து இறங்கிவிடலாம். துறைமுகத்தைத் தாண்டினால் சவுக்கு மரங்கள், மணல், அப்புறம் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி ஒரு கடல்.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று இப்போது எல்லா வீட்டிலும் அனுப்பிவைக்கிறார்கள். ஊரைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. அப்படி, சுற்றுவட்டாரத்தில் பார்க்க வேண்டிய இடம் அத்தனையையும் வந்துபோன வரன்களுக்கு விஜிலா காட்டி முடித்துவிட்டாள்.

மதுரைக் கல்லூரிக்காரர் ஒருவரைப் பழையகாயல் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். மனிதர் ஆர்வத்தில் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார். ஒரு செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. வரனும் அதோடு போயிற்று.

கோயம்புத்தூர்க்காரர் தேரிக்காட்டுச் செம்மணலில் நின்றும் படுத்தும் போட்டோவாக எடுத்துக்கொண்டார். எடுத்துக் கொடுத்தது அவள். ஒன்றில்கூட அவள் இல்லை.

அவளுக்கு வயது முப்பத்துநான்கு. ஷிப்பிங் ஆபீஸில் வேலை. அரைநாள் லீவு போட்டு, பட்டுச் சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து, பிறந்த ஊரைப் புதிதாகப் பார்ப்பவள் போலக் காட்டிக் காட்டி, இப்போதெல்லாம் கடல் என்றாலே அவளுக்குக் கால் வலிக்கிறது.

இன்றைக்கு மட்டும் அவளாகத்தான் கிளம்பி வந்தாள்.

ஆன்றோவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு அவள் நினைக்கிற பதில் வந்துவிட்டால் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிடுவது. போட்டோ வந்த அன்றே முடிவுசெய்துவிட்டாள்.

ஆன்றோ கப்பலில் எஞ்சினியர். சென்னைக்குக் குடிபோய்விட்ட தூத்துக்குடிக் குடும்பம். துணைக்கு வந்திருந்த அவனுடைய அக்காள் சவுக்கு நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். வரும் வழியில் உப்பளத்துப் பாத்திகளில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைக் காட்டியபோது, காரை நிறுத்தச் சொல்லிக் கைதட்டியது அக்காள்தான். அவன் கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடி தலையாட்டினான். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வந்தவனை மறுபடி கடலுக்கே இழுத்துவருவது பாவம்தான். வேறு என்ன செய்வது, அவள் ஊரில் இருப்பது அது.

உடைந்து கிடந்த பழைய வள்ளத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் கணுக்காலைத் தொடுகிற இடமாகப் பார்த்து அவனை நிறுத்தியிருந்தாள்.

"எங்க கடல் அப்படித்தான். வெளிய தீவும் பாறையுமா நிக்குல்லா, அலை அங்கனயே அடிச்சு ஓஞ்சிரும். இங்கன வந்து சேருறதுக்குள்ள தளந்துரும்."

அவன் சிரித்தான். சிரிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு குனிந்து ஒரு சின்னச் சங்கை எடுத்தான். மணலை ஊதிவிட்டு, காதில் வைத்துக் கேட்டான். கேட்டு முடித்ததும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். மற்றவர்கள் பை நிறைய அள்ளிக்கொண்டு போவார்கள். அவனிடம் அவளுக்குப் பிடித்திருந்ததே அதுதான்.

இனியும் தள்ளிப்போட முடியாது.

"இதுக்கு முன்னால நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

அவன் யோசித்தான். தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களைப் பார்த்தான். வள்ளத்தைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். விஜிலா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லங்க, இதான் முதல் தடவை."

பொய் சொல்கிற முகம் இல்லை. களைத்துப்போன முகம். லீவில் வந்தால் அம்மா ஊர் ஊராகப் பெண் பார்க்க இழுத்துப்போகிறாள், எது எந்தத் துறைமுகம், எது எந்த ஊர் என்று தனக்கே குழம்பிவிடுகிறது என்று அவனே சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, தனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்றான். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுவதாகவும் சொன்னான்.

விஜிலா தலையசைத்தாள். அழுகை வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் போலிருந்தது.

வாசலில் அவளை இறக்கிவிட்டுக் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அம்மா ஓடிவந்தாள். அப்பா போனதிலிருந்து அம்மா ஜெபமாலையை எடுப்பதே இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

"ஏளா, என்ன சொன்னாரு?"

"பிடிச்சிருக்காம். இன்னைக்கே வீட்டுல சொல்லிருதாராம்."

அம்மா மாதா படத்தைத் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

விஜிலா குழாயைத் திறந்து காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவினாள்.

"போன தடவையும் இதையேதாம்மா சொன்னாரு. நீ அப்பாவோட ஆஸ்பத்திரியில கிடந்தேல்லா, அப்ப பேபிச் சித்தி ஒருத்தரைக் காட்டுனா. இவருதான் அது. அதே வள்ளத்துப் பக்கத்துல நின்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறுனாரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று மெல்லக் கேட்டாள்.

விஜிலா குழாயை மூடினாள்.

"நாம எதுக்கும்மா சொல்லணும்? கப்பல் ஏறுனதும் அவரே மறந்துருவாரு."