கொடியில் வெள்ளைக் கோட்

பிளஸ் ஒன் சேர்ந்து, முதல் இரண்டு தேர்விலும் தோற்றதும் ஓவியாவை உயிரியல் பிரிவிலிருந்து வணிகவியலுக்கு மாற்றிவிட்டார்கள். ஆய்வகத்துக்கென்று தைத்த வெள்ளைக் கோட் வீணானது. ஆனாலும் அம்மா சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்து, நீலம் போட்டு, தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டாள். ஓவியா தலையைக் குனிந்துகொண்டே அதைத் தாண்டிப் போவாள்.

ஒருநாள் எதிர்வீட்டு ஜெசிந்தா நின்று பார்த்தாள். “என்னக்கா, டாக்டரம்மா கோட் இன்னும் புதுசாவே இருக்கு?”

அம்மா சிரித்துச் சமாளித்தாள். உலர்ந்திருந்த கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, மடியில் விரித்து, மகளின் மைப்பேனாவைத் திறந்தாள்.

“லேப்ல கறை எங்கடி படும்?” தலை நிமிராமல் கேட்டாள்.

“மணிக்கட்டுகிட்ட” என்ற ஓவியா, துணி சுருங்காமல் கைப்பகுதியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.