காது வலி

"இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்துச்சு! யாரைக் கேட்டு என்னை மேலே கூட்டிட்டு வந்தே?"

படகில் ஏறியதும் ஏறாததுமாக ஜெயக்குமார் பிடித்துக்கொண்டார். மாமல்லபுரத்துக் கடலுக்குள் முக்குளிக்க அவரை அழைத்துப் போன பூங்கொடி தலையைத் துவட்டினாள்.

"மன்னிச்சுக்க சார். காது வலி, தாங்க முடில."

"காது வலின்னா வீட்டுல படு. இதுக்கா நான் நைட்ராக்ஸ் கேட்டு வாங்கினேன்?"

நைட்ராக்ஸ் என்பது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று. சாதாக் காற்றைவிடக் கூடுதல் நேரம் கடலடியில் இருக்கலாம். அதற்கென்றே பரீட்சை எழுதிப் பாஸானவர் ஜெயக்குமார். கூடுவாஞ்சேரி அபார்ட்மெண்டில் அதைக் கேட்டுக் காது புளிக்காத ஆளே கிடையாது.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும்க்கா" என்றாள், படகில் காத்திருந்த பத்து வயது மகள். "சிலிண்டரைக்கூட அவரே எடுத்து மாட்டிக்கிட்டார்."

"ஆமா பாப்பா" என்று சிரித்தாள் பூங்கொடி.

கரைக்கு வந்தும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சிலிண்டர் கொடுத்த கடையில் புகார் நோட்டை வாங்கி விறுவிறுவென்று எழுதினார். சிலிண்டர் நம்பர் கேட்டிருந்தது. பார்க்கப் போனார்.

மூலையில் பச்சை மஞ்சள் பட்டை போட்ட நைட்ராக்ஸ் சிலிண்டர், அவர் பெயர்ச் சீட்டோடு, தொடாமல் நின்றது.

அவர் முதுகில் சுமந்து போனதில் பட்டையே இல்லை. வெறும் சாதாக் காற்று. அதன்மேல் 'ஆக்ஸிஜன் அளந்தேன், 32%' என்று டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டது அவரேதான். அளக்கவேயில்லை. மகள் முன்னால் ஸ்டைலாகக் கிறுக்கியது.

அந்தப் பத்து நிமிஷமும் கீழே இருந்திருந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிக் கை கால் விழுந்திருக்கலாம். எழுதிய பக்கத்தைக் கிழித்தார்.

வாசலில் பூங்கொடி முகக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கீழேயே பார்த்துட்டியாம்மா?"

"உன் பின்னாலதான வந்துகினு இருந்தேன். பட்டை இல்ல. பயந்துட்டேன் சார்."

"படகுல நான் அத்தனை பேசினப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பாப்பா பக்கத்துல இருந்துச்சே. அப்பாதான் கில்லாடின்னு காலைலேர்ந்து சொல்லிகினு இருந்துச்சு."

அதற்குள் மகள் ஓடிவந்து பூங்கொடியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள்.

"காது இன்னும் வலிக்குதாக்கா? அப்பா அப்படித் திட்டினதுக்கு... நான் ஸாரி கேட்டுக்கறேன்."