கோடு தெரியாமல்

எங்கே நிறுத்துவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பிரஷ் நுனியில் பழுப்பு நிறம். கீழே, மணப்பெண்ணின் மூடிய இடது இமை. பாதி மாநிறம், பாதி வெண்திட்டு படர்ந்து பால் வெள்ளை.

பதினொரு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். ஐ ஷேடோவில் அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். நிறம் எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. கொஞ்சமாக எடுத்து, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாகக் கலைத்துக்கொண்டே போக வேண்டும்.

அதைத்தான் செய்கிறாள். மாநிறத்தில் கலைகிறது. வெள்ளையில் திட்டாக நிற்கிறது.

இன்னொரு பூச்சு. கோடு கொஞ்சம் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

எரிச்சலாக வந்தது.

கண்ணாடி ஓரத்தில் ஒரு போட்டோ. இதே மாதிரி வேண்டும் என்று பெண்ணின் அம்மா சொருகிவிட்டுப் போனது. அதில் இரண்டு இமையும் ஒரே நிறம். வெள்ளையை ஸ்டுடியோக்காரர் யாரும் கேட்காமலே அழித்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டில் சரி என்றார்களாம். பெண் பார்க்க வந்த அன்று பவுடரை அப்பிச் சமாளித்தார்களாம். எல்லாம் அம்மாவே காதோடு சொன்னது.

"அவங்களுக்குத் தெரியாதும்மா. நீதான் பாத்துக்கணும்."

வரவேற்புக்கு இன்னும் ஒரு மணி நேரம். தாலி நாளைக் காலையில்.

நான்காவது பூச்சில் கோடு மறைந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை. கண்ணைத் திறக்கச் சொன்னாள்.

மணப்பெண் சுடரொளி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எவ்ளோ நேரம்க்கா நிக்கும்?"

"வேர்த்தாலும் கலையாது. காலைல முகூர்த்தத்துக்கு மறுபடி போட்டுவிடறேன்."

"நாளான்னிக்கு?"

இத்தனை வருடத்தில் எந்தப் பெண்ணும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

சுடரொளி எழுந்து குளியலறைக்குள் போனாள். குழாய் நெடுநேரம் ஓடியது.

வெளியே வந்தபோது முகத்தில் தண்ணீர் சொட்டியது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுவிய முகம். இடது இமை பழையபடி வெள்ளை.

"அவர இங்க வரச் சொல்லுங்கக்கா. அவர மட்டும்."

அலங்காரக்காரி வராந்தாவுக்கு வந்து நின்றாள். அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? இடது பக்கம் அம்மாவின் குரல். வலது பக்கம் மாப்பிள்ளை அறை. அம்மா என்ன சொல்வார் என்று தெரியும். அவன் என்ன சொல்வான் என்றுதான் தெரியவில்லை.

வலது பக்கம் போய்க் கதவைத் தட்டினாள்.

அவனே திறந்தான். கோட் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தான்.

"என்னங்க, பொண்ணு ரெடியாயிட்டாங்களா?"

அவள் பிரஷ்ஷைக் கீழே தாழ்த்தினாள்.

"ஆயிட்டாங்க. உங்கள மட்டும் வரச் சொன்னாங்க" என்றாள்.