கண்ணில் பிரஷர்

போர்டிக்சன் நகரத்துப் பார்மசியில் பிலோமினா தன் கணவர் சவரிமுத்துவை முன்னால் தள்ளினாள்.

“இவருக்கு வயிறு முறுக்குதும்மா. சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போறோம். மாத்திரை வேணும்.”

மருந்தாளர் ருமைசா அவரைப் பார்த்தாள். “கண்ணுல பிரஷர் இருக்கா அங்கிள்?”

“இல்ல,” என்றாள் பிலோமினா.

“இருக்குலா,” என்று சிரித்தார் சவரிமுத்து. “தினமும் சொட்டு மருந்து ஊத்துறேன்.”

“அப்ப இந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது. டாக்டரப் பாருங்க.”

“சரிம்மா. வா பிலோ, போலாம்.”

வயிறு மறுபடி முறுக்கியது. பிலோமினா மேசையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண்ணிடம் சொல்லக் கூச்சப்பட்டது போதும்.

“இரும்மா. மாத்திரை எனக்குத்தான்.”

ருமைசா சிரிக்கவில்லை. “சரி ஆன்டி. உங்களுக்குக் கண்ணுல பிரஷர் இருக்கா?”

சவரிமுத்து முந்திக்கொண்டார். “அவளுக்கு இல்லம்மா. எனக்குப் பிரஷர் குடுக்குறதோட சரி.”