கரடியின் நிறம்

தலைமையாசிரியை அம்சவேணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பதாம் வகுப்புச் சுவரில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அதில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த கரடி. கரடிக்கு அவருடைய மூக்குக்கண்ணாடி, அவருடைய கொண்டை.

“யாருன்னு தெரியாம அவலாஞ்சி டூர் கிடையாது!”

“கோவப்படாதீங்க மேடம், பேனா இங்க்கே ஆளைக் காட்டிக் குடுத்துரும்,” என்றார் கெமிஸ்ட்ரி வாத்தியார் வசந்தகுமார். “கறுப்புக்குள்ள பல கலரு இருக்குதுங்க. ஈரம் ஏறுனா ஒவ்வொரு பேனாவும் ஒவ்வொரு மாதிரி பிரியும்.”

பிள்ளைகளின் கறுப்புப் பேனாக்களை வாங்கினார். வடிதாள் துண்டுகளின் அடியில் கோடு கிழித்து, அதன்மேல் ஒவ்வொரு பேனாவாலும் பொட்டு வைத்து, நுனியைத் தண்ணீரில் நிறுத்தினார். கரடியின் வாலையும் வெட்டி நிறுத்தினார்.

வாலில் ஊதாவும் மஞ்சளும் ஏறின. மற்ற எல்லாத் துண்டுகளிலும் அதே ஊதா, அதே மஞ்சள்.

“எல்லாமே ஒத்துப்போகுதுங்க மேடம். யாருன்னு சொல்ல முடியாதுங்க. பாவம், பசங்கள உட்டுருங்க.”

அம்சவேணி ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டே இல்லாத இடத்திலும், கோட்டின் நீளம் முழுக்க ஊதாவும் மஞ்சளும் ஏறியிருந்தன.

“நானும் கெமிஸ்ட்ரி நடத்துனவதானுங்க சார். தண்ணியில கரையாத பென்சில்லதான கோடு போடோணும்? நீங்க எதுல போட்டீங்க?”

வசந்தகுமாரின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை மறைத்தது.

“பசங்க டூர் போகட்டுமுங்க. நீங்க இங்கயே இருங்க. மறுபடியும் கரடி வந்தா, படம் வரைய ஆள் வேணுமில்லீங்களா?”