மூன்றாவது வரியில் ஒரு கறுப்புக் கட்டை

கதவைத் திறந்து என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன்.

ஊரில் அப்பா ஒரே எழுத்தாகத்தான் என் பெயருக்கு முன்னால் நின்றார். இந்த வெளிநாட்டில் விண்ணப்பக் கட்டங்கள் அவரை முழுசாக எழுதிக்கொண்டு, என்னை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டன. மனிதர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருப்பார்.

வராந்தாவில் பரீட்சைக்குக் காத்திருந்தவர்கள் பதினோரு பேர். என்னைத் தவிர யாருக்கும் பத்து வயதைத் தாண்டியிருக்காது. அவர்களுக்குத் துணையாக அம்மாக்கள் வந்திருந்தார்கள். எனக்கு என் வீட்டுக்காரர். மடியில் என் கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக அம்மாக்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பிள்ளை எது என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்க, கூச்சமே இல்லாமல் என்னைக் கை காட்டினார்.

சிரித்துக்கொண்டுதான் எழுந்தேன். அவர் மடியிலிருந்த பையிலிருந்து பரீட்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடம் பியானோ சொல்லிக்கொடுத்தவள் நான். அது இங்கே செல்லாது என்று மூன்று அலுவலகங்களில் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்கள். இந்த ஊர்ச் சான்றிதழ் வேண்டுமாம், குறைந்தது மூன்றாம் நிலை. தேறினால் திங்கட்கிழமை முதல் பக்கத்துத் தெருப் பள்ளியில் இசை டீச்சர். தேறாவிட்டால் மறுபடி துணிக்கடை. இரண்டு வருடமாக அங்கே சட்டை மடிக்கிறேன். இனி ஒரு சட்டையைக் கண்டாலும் அழுதுவிடுவேன்.

உள்ளே ஒரு பியானோ, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தேர்வாளர். என் பழைய மாணவிகள் சிலரைவிட வயதில் சின்னவர். கால் தரையில் எட்டுகிறதா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, அவரே சிரித்துவிட்டார்.

புத்தகத்திலிருந்து பிடித்த ஒன்றை வாசிக்கச் சொன்னார். பதினெட்டாம் பக்கத்தை வாசித்தேன். வேறு எதையாவது வாசித்துத் தொலை என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மனம் கேட்கவில்லை.

சின்ன மெட்டு அது. மழை விட்டதும் பிள்ளைகள் தெருவில் இறங்குகிற மாதிரி துள்ளிக்கொண்டு போகும். புத்தகத்தைத் திறக்காமலே வாசித்து முடித்தேன்.

தேர்வாளர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நல்லா வாசிச்சீங்க. ஆனா மூணாவது வரி கடைசில கறுப்புக் கட்டையை அமுக்கிட்டீங்க. புத்தகத்துல வெள்ளைக் கட்டைதான் இருக்கு.”

இருக்கிறது. எனக்குத் தெரியாதா? பதினைந்து நாளாக அந்த வெள்ளைக் கட்டையைத்தான் வீட்டில் அடித்து அடித்துப் பழகினேன். பரீட்சை என்றதும் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது.

வாய்வரை வந்த பதிலை விழுங்கினேன். அவர் முகத்தில் எகத்தாளம் எதுவும் இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிற பெண். என்னிடம் படித்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். இன்னொரு தடவை, இந்த முறை புத்தகத்தைப் பார்த்து, என்றார்.

திறந்து வைத்து வாசித்தேன். மூன்றாவது வரி வந்தது. விரல் மறுபடியும் கறுப்புக்கே போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்து வெள்ளையில் வைத்தேன். சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.

இப்போதுதான் சரி என்று தாளில் கையெழுத்துப் போட்டார். தேர்ச்சி.

சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வெளியே வந்து தாளை நீட்டினேன். வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தார்.

“சொன்னியா?”

“இல்ல.”

அந்தப் பக்கத்தின் மேல் மூலையில், மெட்டு அமைத்தவர் என்ற இடத்தில், என் பெயர் இருக்கிறது. அப்பா இல்லாமல், முழுசாக. பதினான்கு வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து இந்தப் புத்தகம் போடுகிறவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். அச்சில் ஒரே ஒரு குறி விட்டுப்போனது, மூன்றாவது வரியில் கறுப்புக் கட்டையை அமுக்கச் சொல்கிற குறி. திருத்தச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை, ஏழு பதிப்பு வந்துவிட்டது.

அது நான்தான் என்று உள்ளே சொல்லியிருக்கலாம். நிரூபிக்கச் சொல்லியிருப்பார்கள். அதற்கு ஒரு விண்ணப்பம், அதிலும் கட்டங்கள். திங்கட்கிழமை கைவிட்டுப் போயிருக்கும்.

படி இறங்கும்போது அடுத்த பிள்ளை வாசிப்பது கேட்டது. அதே மெட்டு. மூன்றாவது வரியில் வெள்ளைக் கட்டையை ஓங்கி, தைரியமாக அமுக்கியது. பாவம், அது என்ன செய்யும்.

வகுப்பில் முதல் வேலை என்ன என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் புத்தகத்தையும் வாங்கி, பதினெட்டாம் பக்கத்தில் அந்தக் குறியைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பென்சிலால்தான். பரீட்சைக்கு முந்தின நாள் அழித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.