இல்லாத நிறுத்தம்

"இந்தச் சிவப்புப் புள்ளி என்னன்னு தெரியுதா?"

இன்ஜினியர் முன்திர் கம்ப்யூட்டர் திரையை டிரைவர் பக்கம் திருப்பினார்.

"என் பஸ்ஸுங்க" என்றார் அபு கைஸ். நரைத்த தலையிலிருந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"உங்க பஸ்தான். தினமும் காலையில ஆறு நாப்பதுக்கு ஜோஃபே மலைச் சரிவுல, ஸ்டாப்பே இல்லாத இடத்துல ரெண்டு நிமிஷம் நிக்குது. நாலு மாசமா. என்ன, சிகரெட்டா?"

"எனக்குப் பழக்கமில்லீங்க."

"அப்புறம்? கூட்டாளி யாராவது ஓசியில ஏறுறானா?"

அபு கைஸ் மடியிலிருந்த தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

முன்திருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை காட்டினவன் முன்னாலெல்லாம் பஸ் நின்ற ஊர் இது. ஒருத்தன் ரொட்டி வாங்க இறங்குவான், அவன் திரும்பி வரும்வரை மொத்த பஸ்ஸும் காத்திருக்கும். அந்தக் கூத்தை ஒழித்து, குறித்த நேரம், குறித்த இடம் என்று அம்மான் நகரத்துக்குப் பழக்கிவிட அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் உம்மு ஸுஹைல் ஏலக்காய் மணக்க இரண்டு கோப்பைக் காப்பியோடு உள்ளே வந்தாள். டிரைவரைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கி நின்றாள். பாவம், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார் முன்திர்.

"இவங்களைப் பாருங்க. அறுபதைத் தாண்டியாச்சு. இவங்களும் பஸ்லதான் வராங்க. ஏழே காலுக்கு டாண்ணு ஆபீஸ்ல இருப்பாங்க. ஒன்பது வருஷத்துல ஒரு நாள் லேட்டு கிடையாது. இவங்களால முடியுது, ஸ்டியரிங் பிடிக்கிற உங்களால முடியல. வெக்கமா இல்ல?"

உம்மு ஸுஹைல் குனிந்த தலை நிமிராமல் வெளியே போனாள்.

அபு கைஸ் கோப்பையைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. அப்படியே மேஜைமேல் திரும்ப வைத்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று முன்திருக்குத் தெரியாதா? பாலைவனக் கூடாரத்துப் பழைய வழக்கம். வந்தவர் காப்பியைக் குடிக்காமல் வைத்தால், கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 'குடிங்க, கேக்க வந்தது கொடுத்தாச்சு' என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். கொலைப் பழியே இப்படி ஒரு கோப்பையில் தீர்ந்திருக்கிறது.

செய்வதையும் செய்துவிட்டு, வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் காப்பியை வைக்கிறாராக்கும்.

"இது உங்க பாட்டன் கூடாரம் இல்ல, அபு கைஸ். ஆபீஸ். குடிச்சா குடிங்க, இல்லாட்டி விடுங்க."

அபு கைஸ் எழுந்து போய்விட்டார். சாயங்காலத்துக்குள் உத்தரவும் போனது. இனி அவருக்கு பஸ் கிடையாது, டிப்போவில் வண்டி கழுவ வேண்டும்.

மறுநாள் காலை அந்தச் சிவப்புப் புள்ளி மலைச் சரிவில் நிற்காமல் இறங்கியது. முன்திர் அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் காப்பி வரவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது.

எட்டரை மணிக்கு வந்தாள் உம்மு ஸுஹைல். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். மறுகையில் ஒற்றைக் கோப்பை. நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"என்னம்மா, நீங்களுமா?"

"மன்னிச்சிருங்க ஐயா. நேத்தே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். என் முட்டி போனது தெரிஞ்சா கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திருவான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அபு கைஸ்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

"எதைப் பத்தி?"

"அந்த ரெண்டு நிமிஷம் எனக்காகத்தான். என் சந்து முனையில முன்னாடி ஸ்டாப் இருந்துச்சு. யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்துட்டான். புது ஸ்டாப்புக்கு நூத்தி இருபது படி இறங்கணும். அபு கைஸ்தான் பழைய இடத்துல நிறுத்தி, இறங்கி வந்து, கைத்தாங்கலா என்னை ஏத்துவாரு. அவரை மாத்திட்டாங்களாமே. இன்னிக்கு வந்தவன் புது ஆளு. கை காட்டினேன், நிக்கல. படி இறங்கித்தான் வந்தேன். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? சட்டம் அப்படி."

முன்திர் பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார்.

நிறுத்தம் பதினாலு. காலை ஏழு மணிக்குள் ஏறுபவர்கள்: ஒருவர். நீக்கலாம்.

கீழே அவர் கையெழுத்து. யார் அந்த ஒருவர் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

வெட்கமா இல்லையா என்று நேற்று யாரைப் பார்த்துக் கேட்டோம் என்று நினைத்தபோது, அவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"அந்தப் புண்ணியவான் நான்தாம்மா."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்தார். காப்பி உள்ளே இறங்கும் என்று தோன்றவில்லை. குடிக்காமலே மேஜைமேல் வைத்தார்.

உம்மு ஸுஹைல் கோப்பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"குடிங்க ஐயா. கேக்க வந்தது கொடுத்தாச்சு" என்றாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை போனவள், அங்கே நின்று திரும்பினாள்.

"நேத்து அபு கைஸ் வெச்சிட்டுப் போன கோப்பையை நான்தான் கழுவினேன். ஆபீஸுக்குள்ள என்னைக்காவது கூப்பிட்டாங்கன்னா, காப்பியை வெச்சு அந்த ஸ்டாப்பைத் திருப்பிக் கேப்பேன்னு மனுஷன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவருக்கு நீங்க என்ன ஐயா சொன்னீங்க?"